பூக்கட்டிப் பார்த்து வைத்த கோச்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து நீங்கள் இருவரும் போட்ட சண்டையைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு கூடைப்பந்துக் குழு தன் கோச்சை மாற்றப் போகிறதாம். "கோச் சரியில்ல, அதான் தோக்குறாங்க," என்றாய் பெரியவனே. "கோச் என்னா செய்வாரு, டீமைத் தூக்கி நிறுத்துற ஆளு ஒருத்தன்கூட இல்லையே," என்றாய் சின்னவளே. கடைசியில் இருவரும் என்னைக் கூப்பிட்டீர்கள். "அப்பா, நீங்க சொல்லுங்க. கோச் முக்கியமா, ஆளு முக்கியமா?" நான் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுவதிலேயே இருந்தேன். "அப்பாவுக்கு என்னா தெரியும், விடு லா," என்று சிரித்துவிட்டு மறுபடி சண்டைக்குப் போய்விட்டீர்கள்.

தெரியாமல் இல்லை. இதே கேள்விக்குள் நான் ஒரு வருஷம் கிடந்து உழன்றிருக்கிறேன். பதில் மட்டும் இன்றுவரை கைக்கு வரவில்லை. எழுதினாலாவது எனக்கு விளங்குகிறதா பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, அதன் பிறகு இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம், அவ்வளவுதான் என் படிப்பு. பிழை இருந்தால் சின்னவள் திருத்திக்கொள்.

இது உங்கள் மாமாவைப் பற்றியது. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வருவாரே, அந்த மாமா. அவர் கூடைப்பந்து ஆடினார் என்பதே உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரைத்தானே கேட்டிருப்பீர்கள்.

அப்போது நாம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ரயில்வே சாமான் கிடங்கில் வேலை. பெரியவன் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்த வருஷம். சின்னவள் உங்கள் அம்மா வயிற்றில். உங்கள் மாமா நம் வீட்டு முன்னறையில்தான் படுத்துக்கொள்வார். விடியுமுன் காய்கறி லோரி வந்து முனையில் ஹார்ன் அடிக்கும். அதில் ஏறி செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய், கோசு மூட்டையும் தக்காளிப் பெட்டியும் ஏற்றி இறக்கிவிட்டு மதியம் திரும்புவார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்காலம் கோர்ட்டுக்குப் போய்விடுவார்.

நம்மவர்கள் இருக்கிற இடத்தில் கூடைப்பந்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பந்துத் திடலில் அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு துண்டு சிமெண்டுத் தரை. அதில் ஃபுட்பால் ஆட முடியாது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டு ரிங் மாட்டினார்கள். அப்படித்தான் எங்கள் இளைஞர் மன்றத்துக்கு ஒரு குழு உண்டானது. தமிழ்ப் பையன்களோடு பக்கத்துத் தெருச் சீனப் பையன்கள் இரண்டு பேரும் ஆடினார்கள். பக்கத்து ஊரான கிள்ளானில் ஒரு சீனச் சங்கத்தின் கோர்ட்டில் வருஷா வருஷம் லீக் நடக்கும். அதில் போய் ஆடுவோம், தோற்போம், வரும் வழியில் ரொட்டி சானாய் சாப்பிடுவோம். யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததில்லை.

வருத்தம் வந்தது ஒரு மனிதரால். அந்த நாளில் அரசாங்க வாரியங்களும் பேங்குகளும் தங்கள் பெயரில் விளையாட்டுக் குழு வைத்திருக்கும். நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலையும் கொடுத்துவிடும். அப்படி ஒரு வாரியத்தின் குழுவைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு தடவை கிள்ளானில் உங்கள் மாமா ஆடுவதைப் பார்த்திருக்கிறார். ஆட்டம் முடிந்து வந்து தோளைத் தட்டி, "அடுத்த லீக்கில் வந்து பார்க்கிறேன். நன்றாக ஆடினால் பேசலாம்," என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தப் பேச்சுத்தான். அரசாங்க வேலை, பென்ஷன், மழைக்கும் வெயிலுக்கும் தலைக்கு மேலே ஒரு கூரை. உங்கள் அம்மா தம்பிக்குப் பெண்கூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய கோச், வேலை மாறி ஜொகூர் போய்விட்டார். புது கோச் வேண்டும்.

மன்றக் கமிட்டியில் நாங்கள் ஐந்து பேர். தலைவர், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர், ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிற கிராணி. தலைவர் பக்கம் எப்போதும் ஒருவர், செயலாளர் பக்கம் எப்போதும் ஒருவர். ஐந்தாவது நான். பந்து வைக்கிற மன்ற ஸ்டோர் சாவி என்னிடம் இருந்ததால் கமிட்டியில் போட்டார்கள். வேறு காரணம் கிடையாது.

கோச் வேலைக்கு இரண்டு பேர் பேச்சில் இருந்தார்கள். ஒருவர் நம்மவர், எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர், கூடைப்பந்தும் பழகியவர். இன்னொருவர் கிள்ளானில் இருந்த சீனர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சீனப் பையன்களில் ஒருவன் அவரிடம் படித்தவன். ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் ஆட்டத்தைக் காட்டினான். அவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, உங்கள் மாமாவைக் காட்டி, "அந்த நெட்டை ஏன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி ரிங்குக்குக் கீழேயே நிற்கிறான்?" என்று கேட்டார். இது உங்கள் மாமா காதில் விழுந்துவிட்டது.

கமிட்டி கூடியது. டீயும் வறுத்த கச்சான் கடலையும் வந்தன. தலைவர் ஆரம்பித்தார்.

"டீமுன்னா என்னா? முன்னால ஒரு இஞ்சினு, பின்னால பெட்டிங்க. நம்ம இஞ்சினு நெட்டையன். அவனுக்குப் பந்து போயிக்கிட்டே இருக்கணும். மாஸ்டருக்கு அது தெரியும்."

"இஞ்சினு ஸ்டேசனை விட்டு நவுர மாட்டேங்குதே தலைவரே," என்றார் செயலாளர். "ரிங்குக்குக் கீழயே நிக்குது. பெட்டிங்கதான் ஓடிக்கிட்டு இருக்கு."

"போன வருசம் யாரு போட்ட பாயிண்டு அதிகம்? சொல்லு."

"அவன் போட்டதுதான். அதனாலதான் தோத்தோம். மத்தவனுங்க கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்தானுங்க."

"அவன் இல்லாட்டி இன்னும் கேவலமாத் தோத்திருப்போம்."

"லோரி கெட்டுப்போயி அவன் செலாயாங்ல மாட்டிக்கிட்டான் பாருங்க, அன்னைக்கு ஜெயிச்சோமா இல்லையா?"

"நெட்டையன் வரலன்னு அவனுங்க அசால்டா ஆடுனானுங்க, நீ ஜெயிச்ச. அதுகூட அவனாலதான்."

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆடுனாலும் அவனாலதான், ஆடலன்னாலும் அவனாலதான். அப்ப கோச் எதுக்கு தலைவரே? அவனையே கோச்சாவும் போட்டுருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவர் பேசும்போது தலைவர் சொல்வது சரி என்று தோன்றும். செயலாளர் பேசும்போது அதுவும் சரியாகவே இருக்கும். ஒரு குழுவைத் தாங்குகிற ஆட்டக்காரன் என்றால் யார்? நிறையப் புள்ளி போடுகிறவனா? அவன் இல்லாவிட்டால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்களே, அவனா? இல்லை, அவன் இருந்தால் மற்றவர்களும் நன்றாக ஆடுவார்களே, அவனா? மூன்றும் வேறு வேறு ஆளாக இருந்தால் என்ன செய்வது?

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டுக்கு இரண்டு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"யோசிச்சிச் சொல்றேன்," என்றேன்.

"ஒன் மச்சானுக்காடா யோசிக்கிற?" என்றார் தலைவர். அவர் என்னவோ சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மாஸ்டருக்குக் கை தூக்கினால், மச்சானுக்கு வேலை கிடைக்கத் தூக்கினான் என்பார்கள். சீனருக்குத் தூக்கினால், வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

வீட்டில் உங்கள் மாமா பின்வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் போனதும் தட்டைக் கீழே வைத்தார்.

"மச்சான், கணக்கு ரொம்பச் சிம்பிள். மாஸ்டர் வந்தா எனக்குப் பந்து வரும். பந்து வந்தா பாயிண்டு வரும். அந்த வாரியத்து ஆளு பாயிண்டத்தான் பாப்பாரு. வேற என்னாத்தப் பாக்கப் போறாரு?"

"சீன அங்கிள் நல்லாச் சொல்லிக் கொடுப்பாருன்னு சொல்றாங்களே."

"நல்லாத்தான் இருக்கும். நல்லா இருந்து நான் என்னா செய்ய? எனக்கு வேலை வேணும்."

உங்கள் அம்மா உள்ளேயிருந்து, "ஒரு கையத் தூக்குறதுக்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை? சாமான் கிடங்குல மூட்டையத் தூக்குறீங்கல்ல," என்றாள்.

மறு கூட்டத்தில் எனக்கு ஒரு வழி தோன்றியது. "அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்," என்றேன்.

தலைவர் டீயைக் கீழே வைத்தார். "பாஸ்கட்பாலுக்காடா?"

"கல்யாணத்துக்குப் பாக்குறோம். வீடு மாறுறதுக்குப் பாக்குறோம். இதுக்குப் பாத்தா என்னா?"

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். எனக்கென்னவோ, அவர்களுக்கும் தப்பித்த மாதிரிதான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. சீனப் பையன்களிடம் சொன்னபோது அவர்கள் துளிக்கூட ஆச்சரியப்படவில்லை. அவர்கள் கோயிலிலும் இப்படி ஒன்று உண்டாம்.

வெள்ளிக்கிழமை போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது யாருக்கு என்பதில் ஒரு பேச்சு வந்தது. "சீனங்களுக்குச் சிவப்புதானே ராசி, அவருக்குச் சிவப்ப வையுங்க," என்றார் செயலாளர். "அம்மன்கிட்ட வந்து சீனக் கணக்குப் பாக்காத. வெள்ளதான் சுத்தம். வெளி ஆளுக்கு மரியாதையா வெள்ளையவே வைப்போம்," என்றார் தலைவர். குருக்கள் இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் கட்டி அம்மன் பாதத்தில் போட்டார். தாயோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். பிரித்தால் வெள்ளை.

தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உங்கள் மாமா கேட்டுவிட்டு, "அம்மன் எனக்கு வேலை வேணாமுன்னுட்டா அக்கா," என்றார். "கோச்சப் பத்தித்தானே கேட்டாங்க, வேலையப் பத்தி யாரு கேட்டா?" என்றாள் உங்கள் அம்மா. ஆனால் என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் செயலாளரும் பஸ் ஏறிக் கிள்ளான் போனோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அந்த வெள்ளைப் பூவை விபூதியோடு இலையில் வைத்து, பிரசாதமாகக் கையில் ஏந்திக்கொண்டு போனேன். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கமிட்டியில் ஐந்து பேர், கோயிலில் குருக்கள், வீட்டில் உங்கள் அம்மா. ஒருத்தருக்குக்கூட ஒன்றும் உறைக்கவில்லை.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. என் கையில் இருந்த பூவைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. சீனத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே கம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு சீன அங்கிள் பனியனோடு வந்தார்.

"யார் செத்தது?" என்று மலாயில் கேட்டார்.

"யாரும் இல்ல அங்கிள். நீங்கதான்..." என்று செயலாளர் ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, "நீங்கதான் கோச்," என்று முடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு வெள்ளைப் பூ சாவு வீட்டுப் பூ. நான் அதை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்கிறேன்.

நடந்ததை எல்லாம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். "உங்கள் அம்மன் என்னைத்தான் சொன்னதா?"

"ஆமா அங்கிள்."

"என்னை யாரும் கேட்கவில்லையே."

அதுவும் வாஸ்தவம்தான். அம்மனைக் கேட்டோம், இவரைக் கேட்கவே இல்லை.

"அப்படியானால் நான் என் சாமியைக் கேட்க வேண்டும்," என்று எழுந்தார். வீட்டுக்கு முன்னால் மரத்தடியில் சிவப்பு வர்ணம் அடித்த சின்னக் கோயில் ஒன்று இருந்தது. ஊதுபத்தி கொளுத்திவிட்டு, பிறை மாதிரி வளைந்த இரண்டு மரத் துண்டுகளைக் கையில் எடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உப்பியிருந்தது. தரையில் போட்டால் ஒன்று தட்டையும் ஒன்று உப்பலுமாக விழ வேண்டும். அதுதான் சம்மதம் என்று எங்களுக்கு விளக்கினார். போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே பார்த்து விழுந்தன.

"சிரிக்கிறார்," என்றார்.

மறுபடி போட்டார். மறுபடி அதே. "இன்னும் சிரிக்கிறார்." மூன்றாவது தடவை இரண்டும் கவிழ்ந்து விழுந்தன. "வேண்டாம் என்கிறார்."

செயலாளர் என் காதோரம் தமிழில் முணுமுணுத்தார். "நம்ம அம்மன் சரிங்குது, இவரு சாமி வேணாங்குது. இப்ப இவங்க ரெண்டு பேருக்கும் யாரு பஞ்சாயத்து பண்றது?"

திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தோம். அவர் மனைவி சீனத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பூவை மட்டும் வெளியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். செயலாளர் குடித்து முடித்து, போகலாம் என்று கண்ணால் காட்டினார். வேலை முடிந்துவிட்டது. இவர் வேண்டாம் என்றால் மாஸ்டர்தான். மச்சானுக்குப் பந்து வரும், வீட்டில் எனக்கு நிம்மதி வரும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அம்மனே சொல்லியும் ஆள் வரவில்லை என்றால் நான் என்ன செய்வது?

எழுந்து நின்றவன், "அங்கிள், வாங்க. நீங்க வாங்க," என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அவர் வேலியோரம் நின்று பஸ் கதை சொன்னாரே, அது எனக்கு எங்கேயோ சரி என்று பட்டிருக்குமா? இல்லை, அம்மன் வாக்கு வீணாகப் போகக்கூடாது என்றா? இல்லை, வாசலில் சாவுப் பூவோடு நின்ற வெட்கத்துக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாய் தானாகச் சொல்லியதா? மூன்றில் எது என்று உங்களுக்குத் தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த நெட்டை உனக்கு என்ன வேண்டும்?"

"பொண்டாட்டி தம்பி."

"அவனுக்கு நான் வருவதில் விருப்பம் இல்லை. எனக்குத் தெரியும். நீ வரச் சொல்கிறாயா?"

"வாங்க அங்கிள்."

"என் சாமி என் கல்யாணத்துக்கும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்," என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஏதோ பதில் கொடுத்தார். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

பஸ்ஸில் செயலாளர், "ஒரு வழியா கையத் தூக்கிட்ட," என்றார். நான் தூக்கவில்லை. ஆனால் தூக்கின மாதிரிதான் ஆகிவிட்டது.

அவர் வந்தார். வந்ததும் உங்கள் மாமாவை ரிங்குக்குக் கீழிருந்து வெளியே இழுத்துப் போட்டார். கோர்ட்டின் நடுவில் நிற்க வைத்து, பந்தை வாங்கு, திரும்பு, யார் ஓடுகிறான் என்று பார்த்துக் கொடு என்றார். திரும்பத் திரும்ப அதுதான். "இவ்வளவு ஒசரமா வளந்தது பந்த அடுத்தவனுக்குக் கொடுக்கவா மச்சான்?" என்று உங்கள் மாமா வீட்டில் வந்து முனகுவார். ஆனால் பயிற்சிக்குப் போகாமல் இருந்ததே இல்லை. சந்தையில் மூட்டை தூக்கின உடம்போடு போய் நிற்பார்.

லீக் ஆரம்பித்தது. ஜெயித்தோம். மறுபடி ஜெயித்தோம். எங்களுக்கே கூச்சமாக இருந்தது. ஜெயித்தால் எப்படி நடந்துகொள்வது என்று யாருக்கும் பழக்கம் இல்லை. உங்கள் மாமா போடும் புள்ளிகள் குறைந்துகொண்டே போயின. கட்டையான சீனப் பையன், அதுவரை பந்தைத் தொடவே பயந்தவன், ஓடிக்கொண்டே மாமா கையிலிருந்து பந்தை வாங்கிப் போட்டுத் தள்ளினான். அவன் அம்மாகூட ஆட்டம் பார்க்க வர ஆரம்பித்துவிட்டார்.

வாரியத்துக்காரர் வருகிற ஆட்டம் வந்தது. பகல் முழுக்க மழை மூட்டம். கிள்ளான் கோர்ட்டுக்குத் தகரக் கூரை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் அம்மா நிறைமாதமாக இருந்தும் வந்திருந்தாள்.

தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "போடுடா, போடுடா," என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். உங்கள் மாமா போடவில்லை. தனக்கு வழி திறந்திருந்த ஒரு நேரத்தில்கூட, பக்கத்தில் ஓடி வந்தவனுக்குக் கொடுத்தார். அவன் போட்டான். கைதட்டல் அவனுக்கு. அந்த ஆட்டத்தில் உங்கள் மாமாவைப் போல யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. எனக்கு ஆட்டம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அவர் கையில் பந்து வந்ததும் மற்ற நாலு பேருக்கும் கால் முளைத்தது எனக்கே தெரிந்தது. ஜெயித்தோம்.

வாரியத்துக்காரர் எழுந்தார். நேராக எங்கள் பக்கம் வந்தார். உங்கள் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வந்தவர், மாமாவுக்கு ஒரு புன்னகை கொடுத்துவிட்டு, அவரைத் தாண்டிப் போய்ச் சீன அங்கிளோடு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆமாம். அவர் எடுத்தது கோச்சை.

அங்கிள் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நெட்டையை எடுத்துக்கொள் என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? நீ இருந்தால் எவனும் இப்படி ஆடுவான், அதனால் எனக்கு வேண்டியது நீ என்கிறார். எவனும் இப்படி ஆட மாட்டான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை." பிறகு, "நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் ஆசை இருக்கிறது," என்றார். அவரை நான் என்ன சொல்ல முடியும்? அறுபதை நெருங்கும் மனிதர். வீட்டு வாசலில் நாங்களாகப் போய்க் கூப்பிட்டோம்; வந்தார்; தன் வேலையை ஒழுங்காகச் செய்தார்.

வேனில் திரும்பும்போது தலைவரும் செயலாளரும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா தலைவரே, கோச்தான் பெருசுன்னு வாரியமே சொல்லிருச்சி."

"எவன வச்சிக் காட்டுனான் அந்த ஆளு? நெட்டையன வச்சித்தானே? நெட்டையன் இல்லாட்டி அவரு யாரு?"

"அப்ப வாரியம் ஏன் நெட்டையன எடுக்கல?"

"அவனுங்களுக்குக் கண்ணு இல்ல."

உங்கள் மாமா முன் சீட்டில் இருந்தார். தலை கூரையில் இடிக்கும் என்று குனிந்தபடியே வந்தார். "பாஸ்கட்பால விட்டுட்டு வேற பேசுங்களேன் அண்ணே," என்றார்.

அடுத்த வருஷம் மாஸ்டர் கோச்சாக வந்தார். எல்லாப் பந்தும் உங்கள் மாமா கைக்கு வந்தது. அவர் விரும்பின மாதிரியே புள்ளிகளாகக் குவித்தார். ஒவ்வோர் ஆட்டமும் தோற்றோம். வாரியத்துக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் சிமெண்டுத் தரையையும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மாமா லோரி ஓட்டப் பழகி, பிறகு சந்தையிலேயே ஒரு இடம் பிடித்துக் காய்கறி வியாபாரத்தில் நின்றுவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறார். தீபாவளிக்கு உங்களுக்குத் துணி எடுத்துத் தருகிறார். அன்றைக்குக் கிள்ளானில் நான் வாங்க என்று சொன்னதைச் செயலாளர் அவரிடம் சொன்னாரா, அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

மாஸ்டரை முதலிலேயே வைத்திருந்தால் வேலை கிடைத்திருக்குமா? அதிகப் புள்ளி போட்டுத் தோற்கிறவனை வாரியம் எடுத்திருக்குமா? எடுத்திருக்கலாம். எடுக்காமலும் இருந்திருக்கலாம். ஒன்று மட்டும் யோசிக்க யோசிக்கக் குழப்புகிறது: உங்கள் மாமா அவ்வளவு நன்றாக ஆடியதால்தான் அது அவருடைய ஆட்டமாக யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் மோசமாக ஆடியிருந்தால் தெரிந்திருக்கும். இது என்ன நியாயம்? நீங்கள் படித்தவர்கள். உங்களுக்கு விளங்குகிறதா பாருங்கள்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உங்கள் மாமா வழக்கம்போல லோரி ஏறிப் போய்விட்டார். உங்கள் அம்மா பெரியவனைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப் போயிருந்தாள். பின்பக்கம் கொடியில் மாமாவின் ஜெர்சி தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரியே அவர் துவைத்துப் போட்டிருக்கிறார். விடியற்காலை மழையில் மறுபடி நனைந்துவிட்டது. அதை எடுத்துப் பிழிந்தேன். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். நைலான் துணி, நேராகச் சூடு பட்டால் சுருங்கிவிடும் என்று மேலே ஒரு கைலியை விரித்து மெதுவாகத் தேய்த்தேன். ஜெர்சிக்கு யாரும் இஸ்திரி போடுவதில்லை. இருந்தாலும் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை என்று ஈரம் போகிற வரை தேய்த்து, ஹேங்கரில் மாட்டி, அவர் படுக்கிற இடத்துக்கு மேலே இருந்த ஆணியில் தொங்கவிட்டேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு கிடங்குக்கு வேலைக்குப் போனேன்.